நம் ஊர்ப் பெண்கள் கட்டிய பாட்டுகள்

(பொன்விழாவை முன்னிட்டு மாதர் சங்கமும் மரியாயின் சேனையும் இணைந்து நடத்திய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





சென்ற வாரம் விழா மலர்க் குழுவினர் அச்சுக்குப் போகவிருக்கும் பட்டியல் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள். நம் பங்கை ஆண்ட ஆயர்கள், நம் கோவிலில் பூசை வைத்த குருக்கள், உபதேசியார்கள், கோவில்பிள்ளைகள், பீடத்துக்குக் கல் கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர், சப்பரத்துக்கு வர்ணம் பூசியவர், குழல்விளக்குப் போட்டவர் என எல்லாருடைய பெயர்களும் அதில் இருந்தன. குழுவினர் அரும்பாடுபட்டுத் தொகுத்திருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம். ஆயினும் படித்து முடித்தபோது நம் மனத்தில் ஒரு குறை தட்டியது. கன்னியர் மடத்துச் சகோதரிகளை விட்டுவிட்டால், அந்தப் பட்டியலில் பெண் பெயர் என்று ஒன்றுகூட இல்லை. "இன்னாருடைய மனைவியின் நினைவாக" என்று மட்டும் இரண்டு இடங்களில் இருந்தது. அங்கேயும் மனைவியின் பெயரைக் காணோம்.

உடனே குழுவினரிடம் ஒரு கேள்வி கேட்டோம். "கொடியேற்றத்தன்று இரவு சப்பரத்தைச் சுற்றி நம் பெண்கள் கும்மி கொட்டுகிறார்களே, அந்தப் பாட்டைக் கட்டியவர் யார்?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "அது பழைய பாட்டு, சாமி."

பழைய பாட்டு! பழைய பாட்டென்றால் யாரும் கட்டாத பாட்டா? பழைய கிணறு என்றால் யாரும் வெட்டாத கிணறா? என்றோ ஒரு நாள், இந்த ஊரில் ஒரு திண்ணையிலோ களத்துமேட்டிலோ, ஒரு பெண் அந்த முதலடியை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்திருக்க வேண்டும். அவளைப் பற்றியும், அவளைப் போன்ற பெண்களைப் பற்றியும் இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறோம்.

நாம் வாழும் இந்தத் தஞ்சைத் தரணி சங்கீதத்துக்குப் பேர்போன பூமி. சங்கீத மும்மூர்த்திகள் என்று உலகம் கொண்டாடும் தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் திருவாரூரில் பிறந்தவர்கள். அந்தப் பெருமை குறையாமல் நிலைக்கட்டும். ஆனால் அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இந்த மண்ணில் ஒரு பெண் பாடியிருக்கிறாள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. காரைக்காலில் வணிகர் குடியில் பிறந்த புனிதவதி, காரைக்கால் அம்மையார் என்று போற்றப்படுபவர், தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர். அவர் திருவாலங்காட்டில் பாடிய பதிகங்களை 'மூத்த திருப்பதிகம்' என்றே சைவர்கள் அழைக்கிறார்கள். அவருடைய பாட்டும் பிழைத்தது, பெயரும் பிழைத்தது. ஏன் பிழைத்தன? பிற்காலத்தில் திருமுறைகளைத் தொகுத்தவர்கள் பதினோராம் திருமுறையில் அவற்றைச் சேர்த்து எழுதி வைத்தார்கள். இந்த 'எழுதி வைத்தார்கள்' என்ற சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வருவோம். அங்கே இராசராச சோழன் 1014ஆம் ஆண்டளவில் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து அழைத்துவந்து தஞ்சையில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தவள் என்பதெல்லாம் இருக்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, அதாவது ஒரு வேலி நிலத்து வருவாயான 100 கலம் நெல் என்று கணக்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் நெல் அளந்தவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! ஆனால் அந்த 400 பேரும் ஆடியது என்ன, பாடியது என்ன? அவர்களில் எவரேனும் தாமே பாட்டுக் கட்டினார்களா? அதைப் பற்றி அந்தக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை.

நம் பாட்டிமாருக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. பாட்டு இருந்தது, பெயர் இல்லை.

மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. அதுவும் தஞ்சையில் நடந்ததே. மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவருடைய அரசவையில் முத்துப்பழனி என்றொரு பெண் கவி இருந்தார். தெலுங்கிலும் வடமொழியிலும் தேர்ந்தவர். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர். 'ராதிகா சாந்துவனமு' என்ற காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். அது சிருங்கார ரசம் ததும்பும் நூல். ஒரு குருவானவர் பிரசங்க பீடத்திலிருந்து எடுத்துப் படிக்கத்தக்கதன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த நூலின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு காரியம் நம் மனத்தைத் தொட்டது. ஆண் கவிகள் தம் தந்தை, பாட்டன் பெயர்களைச் சொல்லித் தொடங்குவதைப் போல, அவர் தம் பாட்டி தஞ்சநாயகியின் பெயரைச் சொல்லி, இந்த வழியில் வந்தவள் நான் என்று பெருமையோடு எழுதி வைத்தார்.

பிறகு என்ன ஆயிற்று? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நூல் அச்சேறியபோது, பதிப்பித்தவர் அந்த முகவுரையை நீக்கிவிட்டார். பாட்டில் பெரும்பகுதி நின்றது. பாடியவளின் குலவரலாறு போயிற்று. அதைக் கண்டு மனம் பொறுக்காமல், ஏட்டுச் சுவடியைத் தேடிப் பிடித்து, 1910ஆம் ஆண்டில் முழு நூலையும் மீண்டும் அச்சிட்டவர் இன்னொரு பெண். அவர்தாம் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் நூலைத் தடைசெய்தது. அந்தத் தடை 1947ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

இந்த நாகரத்தினம்மாளை நீங்கள் அறிவீர்கள். திருவையாற்றில் தை மாதம் தியாகராஜ ஆராதனை நடக்கிறதே, அந்தச் சமாதிக் கோவிலைத் தம் பொருளைச் செலவிட்டு எழுப்பியவர் இவர். 1921இல் வேலையைத் தொடங்கி 1925இல் குடமுழுக்கும் செய்துவைத்தார். ஆனால் அங்கே ஆராதனை நடத்திவந்த பெரிய கட்சியாரும் சின்னக் கட்சியாரும் பெண்கள் பாடுவதற்கு இடம் கொடுக்கவில்லை. தாம் கட்டிய கோவிலில் தாமே பாட முடியாத நிலை! அவர் சண்டையிட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டிப் 'பெண்கள் கட்சி' என்று ஒன்றை அமைத்து, தனியாக விழா நடத்தினார். 1940, 41ஆம் ஆண்டுகளில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகி, பெண்களுக்கும் அங்கே பாடும் இடம் கிடைத்தது. அவர் 1952இல் மறைந்தார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது. பேருந்தில் திருவையாறு வழியாகப் போகும்போது ஒரு முறையாவது இறங்கிப் பாருங்கள்.

"சாமி, இதெல்லாம் மற்றவர் வீட்டுக் கதை. நம் திருச்சபையில் அப்படி இல்லையே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அன்பானவர்களே, நம் வீட்டிலும் உண்டு. மறைப்பதில் பயனில்லை.

காவிரியைப் போல ஜெர்மனியில் ரைன் என்றொரு நதி ஓடுகிறது. அதன் கரையில், பிங்கன் என்ற ஊரருகே ஒரு பெனடிக்டின் கன்னியர் மடம் இருந்தது. அதன் தலைவி புனித ஹில்டகார்ட். பிறந்தது 1098. இறந்தது 1179. எழுபதுக்கும் மேற்பட்ட பக்திப் பாடல்களுக்குச் சொல்லும் இராகமும் அமைத்தவர். நன்மைகளும் ஆன்மாவும் பேசிப் பாடுவதாக ஒரு சங்கீத நாடகமும் இயற்றியவர். அவருக்கு 80 வயதானபோது ஒரு சோதனை வந்தது. திருச்சபை விலக்குக்கு உள்ளாகியிருந்த ஒருவரை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டார் என்று மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் குற்றம்சாட்டினார்கள். அவர் சாகுமுன் ஒப்புரவாகிவிட்டார் என்று ஹில்டகார்ட் எடுத்துச் சொன்னார். உடலைத் தோண்டி எடுக்க மறுத்துவிட்டார். அதற்குத் தண்டனையாக, மடத்தில் இனி நற்கருணை இல்லை, கட்டளைச் செபத்தைப் பாடவும் கூடாது, மெல்லிய குரலில் வாசிக்க மட்டும் செய்யலாம் என்று உத்தரவு வந்தது.

ஹில்டகார்ட் கீழ்ப்படிந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. அந்த அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாட்டு என்பது ஆதாம் பாவத்துக்கு முன் வானதூதரோடு சேர்ந்து எழுப்பிய குரலின் எச்சம். தக்க காரணமின்றி ஒரு கோவிலின் பாட்டை நிறுத்துகிறவர்கள் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1179ஆம் ஆண்டு தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். பல நூற்றாண்டுகள் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்த அவரைப் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற பெண்களுள் அவர் நான்காமவர்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், புனித பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் திருச்சபைச் சங்கீதத்தைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். நாடகக் கொட்டகைப் பாணி கோவிலுக்குள் நுழைந்திருந்த காலம் அது. அதை விலக்கி, பழைய தூய்மையை மீட்க வேண்டும் என்பதே அவருடைய நல்ல நோக்கம். ஆனால் அதே ஆணையில், பாடகர் செய்வது திருவழிபாட்டுப் பணியாதலால் பெண்களைப் பாடற்குழுவில் சேர்க்கலாகாது என்றும் இருந்தது. அந்த நவம்பர் 22 யாருடைய திருநாள் என்று தெரியுமா? சங்கீதத்துக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாள் திருநாள்! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1967இல் வந்த திருச்சபைச் சங்கீதம் பற்றிய போதனை, ஆணும் பெண்ணும் சேர்ந்த பாடற்குழுவையும், தேவையானால் பெண்கள் மட்டுமே உள்ள குழுவையும் தெளிவாக ஏற்றுக்கொண்டது. இன்று நம் பாடற்குழுவில் பெண் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பது அப்படி வந்த பேறு.

இவ்வளவும் தூரத்துக் கதைகள். இனி நம் கதையைச் சொல்லவேண்டும். சொல்வதற்கு நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பொன்விழா என்பது மேளம் கொட்டுவதற்கு மட்டும் உரிய காலமன்று. பழைய வேதாகமத்தில் ஜூபிலி என்பது இழந்தவனுக்கு அவன் உடைமை திரும்பிச் சேரும் ஆண்டு.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், புதுக் குருவாக, வேறொரு கிராமப் பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். பெரிய வெள்ளிக்கிழமை. மாலை வழிபாடு முடிந்து, ஆண்டவரின் திருவுடல் சுரூபத்தைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். நாம் கோவில் வேலைகளை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஏழெட்டு வயதான பெண்கள் அந்தச் சுரூபத்தைச் சுற்றி, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மூதாட்டி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். மாதா தம் மகனைப் பார்த்து அழுவதாக, அடிமேல் அடியாகச் சொல்லிக்கொண்டே போனார். மற்றவர்கள் இழுத்து இழுத்துப் பின்பாட்டுப் பாடினார்கள். நாற்றங்காலும் களத்துமேடும் மாமன் வீட்டுச் சீரும் அந்தப் பாட்டில் வந்தன. எருசலேம் நகரம் காவிரிக்கரையில் இருப்பது போலத் தோன்றிற்று.

குருமடத்திலிருந்து வந்த நமக்கு அது பொறுக்கவில்லை. திருவழிபாட்டு நூலில் இல்லாததைப் பாடுகிறார்களே என்று தோன்றியது. இது சாவு வீட்டுப் பாட்டாயிற்றே, உயிர்த்தெழப் போகும் ஆண்டவர் முன் இதைப் பாடலாமா என்றும் நினைத்தோம். நேரே போய், "நிறுத்துங்கள், பாட்டி. பாடற்குழு வந்து புத்தகத்திலுள்ள பாட்டைப் பாடட்டும்" என்றோம். அந்த மூதாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு தூணோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். இளைஞர்கள் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் யாரும் அழவில்லை.

ஆண்டுகள் உருண்டோடின. 2012இல் புனித ஹில்டகார்டை மறைவல்லுநர் என்று அறிவித்தபோது, அவரைப் பற்றி மறையுரையாற்ற வேண்டும் என்று அவருடைய வரலாற்றை எடுத்துப் படித்தோம். பாட்டை நிறுத்துகிறவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற அந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டோம். தூணோரமாக உட்கார்ந்திருந்த அந்த முகம் கண்முன் வந்து நின்றது.

அடுத்த வாரமே அந்தக் கிராமத்துக்குப் போனோம். மூதாட்டி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பேத்தி நம்மை வரவேற்று மோர் கொடுத்தாள். "ஆத்தா தவக்காலம் பிறந்தா ராத்திரியில படுத்துக்கிட்டே புதுசு புதுசா அடி சேர்த்துப் பார்க்கும், சாமி. வருசத்துக்கு வருசம் பாட்டு நீண்டுக்கிட்டே போகும்" என்றாள். அதில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டோம். இராகத்தை முனகிக் காட்டினாள். சொற்கள் வரவில்லை. இரண்டு வார்த்தை வந்தது. மூன்றாவது வார்த்தையில் நின்றுவிட்டது. "அப்புறம் அது பாடுறதையே நிறுத்திடுச்சு, சாமி" என்றாள். எப்போது முதல் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

திரும்பும் வழியில் அந்தக் கோவில் அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஊரார் எல்லாரும் அவரை 'இன்னானுடைய அம்மா' என்றே அழைத்து வந்ததால், அவருடைய சொந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாக அறிந்தோம். பெயர், கணவர் பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், குருவின் கையொப்பம் எல்லாம் இருந்தன. அவர் கட்டிய பாட்டைப் பற்றி எழுத அந்த ஏட்டில் பத்தி கிடையாது. தஞ்சைக் கல்வெட்டைப் போலத்தான் அதுவும். பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை. அந்தப் பாட்டு இல்லாமற்போனதற்கு நாமும் ஒரு காரணம்.

அன்பானவர்களே, "ஒப்பாரியும் தாலாட்டும் ஒரு சாகித்தியமா? இலக்கணம் தெரியாத பெண்கள் பாடியதைக் கீர்த்தனை கட்டியவர்களோடு சேர்த்துப் பேசலாமா?" என்று படித்தவர் சிலர் கேட்பதுண்டு. குருமடத்தில் இருந்த நாளில் நாமும் கேட்டோம். பதில் சொல்கிறோம்.

தாலாட்டில் 'தால்' என்பது நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. தாய் ஒருத்தி தொட்டிலை ஆட்டும் கையின் கதியைத் தாளமாக வைத்துக்கொள்கிறாள். தன் அண்ணன் தம்பி கொண்டுவரும் சீர், தான் பட்ட குறை, பிள்ளை மேல் வைத்த ஆசை எல்லாவற்றையும் அந்தத் தாளத்துக்குள் அடக்குகிறாள். ஒப்பாரி இன்னும் கடினம். ஓர் அடியைச் சொல்லி, அடுத்த அடியில் அதே அமைப்பை வைத்து இரண்டொரு சொல்லை மட்டும் மாற்றுகிறாள். கூட இருப்பவர்கள் இழுக்கும் அந்த நேரத்துக்குள் அடுத்த கருத்தை அவள் உள்ளத்தில் தேடியெடுக்க வேண்டும். இழவு வீட்டில், கண்ணீர் வடிய, இறந்தவர் யார், தனக்கு என்ன உறவு என்பதற்கேற்ப, கையில் ஏடில்லாமல் செய்யும் வேலை அது. நடவுப் பாட்டோ ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. குனிந்த முதுகோடு, சேற்றில் பின்னோக்கி நடந்துகொண்டே, நாற்று முடியைப் பிரித்து ஊன்றும் கைக்கு ஒத்தபடி பாட்டும் நடக்க வேண்டும். கூலி குறைந்தால் அதையும் பாட்டிலேயே காதில் போடுவார்கள். இதற்கெல்லாம் இலக்கணம் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்? இலக்கணம் உண்டு, அது எழுதப்படவில்லை, அவ்வளவே.

புலவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மாணிக்கவாசகர் திருவம்மானையும் திருப்பொன்னூசலும் பாடினார். அம்மானை ஆடுவதும் ஊசலாடுவதும் யாருடைய விளையாட்டு? பெண்களுடையது. நம் வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, தேம்பாவணி என்ற பெருங்காவியத்தைப் படைத்தவர். சாதாரண சனங்களுக்கு ஒரு வேதசாட்சியின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டியபோது அவர் எடுத்துக்கொண்டது எந்த உருவம்? கித்தேரியம்மாள் அம்மானை! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டில் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோதும் குறிசொல்லும் குறத்தியின் பேச்சையும் பாட்டையும்தான் வாங்கிக்கொண்டார். இந்தப் பெரியோர் எல்லாரும் பெண்கள் வைத்திருந்த உருவங்களைக் கடன் வாங்கினார்கள். கடன் வாங்கியவர் பெயர் நிலைத்தது. கடன் கொடுத்தவள் பெயர் போயிற்று.

வேதாகமம் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல வழி காட்டுகிறது. செங்கடலைக் கடந்தபின் மோயீசனின் சகோதரி மரியாள் கையில் தம்புரு எடுத்துப் பாடினாள் என்று யாத்திராகமம் அவள் பெயரோடு சொல்கிறது. தெபோராளின் பாட்டு அவள் பெயரோடு இருக்கிறது. சாமுவேலின் தாய் அன்னாளின் பாட்டும் யூதித்தின் பாட்டும் அவரவர் பெயரோடு இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலகமெங்கும் திருச்சபை ஒவ்வொரு மாலைச் செபத்திலும் பாடும் பாட்டு யாருடையது? நாசரேத்து ஊரில் வாழ்ந்த ஓர் ஏழைப் பெண்ணுடையது. எலிசபெத்தம்மாளின் வீட்டு வாசலில் பிறந்த பாட்டு அது. லூக்கா அதை எழுதி வைத்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், இன்று நம் அன்னையின் பாட்டும் 'பழைய பாட்டு' என்று போயிருக்குமே!

ஆகவே முடிவு ஒன்றுதான். திறமையில் ஒரு குறையும் இல்லை. குறை எழுதி வைப்பவர் இல்லாததில். காரைக்கால் அம்மையாருக்குத் திருமுறை தொகுத்தவர்கள் கிடைத்தார்கள். ஹில்டகார்டுக்கு மடத்துச் சகோதரிகளும் தோல் ஏடும் கிடைத்தன. முத்துப்பழனிக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்தேனும் ஒரு நாகரத்தினம்மாள் கிடைத்தார். நம் ஊர்த் தாய்மாருக்கு யார் கிடைப்பார்கள்?

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. நடவு இயந்திரம் வயலுக்கு வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவன் பாட வேண்டியதில்லை. தொட்டிலருகே கைப்பேசி பாடுகிறது. சாவு வீட்டில் ஒலிபெருக்கி அழுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. நம் பெண்களின் முதுகு நிமிர்ந்தது நல்லதே. ஆனால் பாட்டுத் தெரிந்தவர்கள் நம் பங்கில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குத் தடி ஊன்றி வருகிறவர்களில் அவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

எனவே இந்தப் பொன்விழாவின் நினைவாக மூன்று காரியங்களைப் பங்குப் பேரவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு இருப்பதைப் போலவே கோவிலில் ஒரு பாட்டுப் பதிவேடு வைப்போம். பாட்டு, கட்டியவர் பெயர், யாரிடம் கேட்டது, எப்போது பாடுவது என நான்கு பத்திகள் இருக்கட்டும். இளைஞர்களே, உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு வாருங்கள். கன்னியர் மடத்துச் சகோதரிகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆத்தாவிடம் முதலில் பெயரைக் கேளுங்கள், பிறகு பாட்டைக் கேளுங்கள். பாட மாட்டேன் என்று வெட்கப்பட்டால் வற்புறுத்தாதீர்கள். இன்னொரு நாள் போய் உட்காருங்கள்.

இரண்டாவது, வரும் பெரிய வெள்ளியன்று திருவழிபாடு முடிந்தபின், பந்தலில் ஒரு மணி நேரம் நம் மூதாட்டிகளுக்கு உரியது. வழிபாட்டு நூலில் உள்ளதை வழிபாட்டில் செய்வோம், அதில் மாற்றமில்லை. மக்களின் பக்திப் பாட்டைப் பேணி வளர்க்க வேண்டும் என்று வத்திக்கான் சங்கமே 1963இல் திருவழிபாட்டுச் சாசனத்தில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் பங்குக் குரு பேசமாட்டார். பந்தலுக்கு வெளியே நின்று கேட்பார்.

மூன்றாவது, நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் திருப்பலியில், குருக்களின் பெயர்களோடு நம் ஊரில் பாட்டுக் கட்டி மறைந்த பெண்களின் பெயர்களையும் வாசிப்போம். உங்கள் வீட்டில் யாரேனும் இருந்தால் பெயரை எழுதிக் கொடுங்கள். முதற்பெயராக, நாம் பாட்டை நிறுத்திய அந்த மூதாட்டியின் பெயரை, அவருடைய பேத்தியின் சம்மதம் பெற்று, நாமே வாசிப்போம். அவளையும் அன்று வரச் சொல்லியிருக்கிறோம்.

இனி அந்தக் கும்மிப் பாட்டு. மலர்க் குழுவினர் நம் கேள்வியோடு ஊருக்குள் போய் விசாரித்திருக்கிறார்கள். கீழத்தெருவில் ஒரு தாயார், "அது எங்க பெரியாத்தா கட்டுனது. காலரா வந்த வருசம் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டுக் கட்டுனது" என்றாராம். மேலத்தெருவில் இன்னொருவர், "இல்லை, அது எங்க வீட்டுப் பாட்டு" என்றாராம். இரண்டு தெருவுக்கும் இப்போது வாக்குவாதம் நடக்கிறது. நம் பங்கில் பல சண்டைகளைத் தீர்த்துவைத்திருக்கிறோம். இந்த ஒரு சண்டையைத் தீர்க்க நமக்கு அவசரமில்லை. ஐம்பது ஆண்டு யாரும் உரிமை கேளாத பாட்டுக்கு இன்று இரண்டு வீடு உரிமை கேட்கிறது. இதைவிட நல்ல பொன்விழாப் பரிசு வேறென்ன வேண்டும்? இரண்டு வீட்டாரும் வந்து, தமக்குத் தெரிந்தபடி இரண்டு பெயரையும் பதிவேட்டில் எழுதட்டும். முதல் பக்கம் அதற்கென்றே காலியாக இருக்கிறது.

தாழ்ந்த பெண்ணின் பாட்டைத் திருச்சபையின் பாட்டாக்கிய ஆண்டவர், நம் தாய்மாரின் பாட்டையும் ஏற்று, அவர்கள் பெயர்களைச் சீவிய புத்தகத்தில் எழுதியருள்வாராக. ஆமென்.